நாலு, கை, ஆறு

— நாலு, கை, ஆறு. இப்படித்தான் எண்ணுவா உங்க பொண்ணு. அஞ்சுன்னு ஒண்ணு உலகத்துலயே இல்லாத மாதிரி.

— வேற எப்படி எண்ணுவா டீச்சரம்மா? நான் அப்படித்தான் எண்ணுதேன். எங்க வீட்டு அவியளும் அப்படித்தான். கடல்ல பானைய இறக்கும்போது நாலு, கை, ஆறுன்னுதான் இறக்குதாவ. அதுக்காவ கைன்னு எண்ணுன பானைய மட்டும் பாத்து பேய்க்கணவாய் ஏறாமலா போயிருது?

— சிரிக்க வெக்காதீங்க மப்ரூகாக்கா. கறாராப் பேசணும்னு நெனச்சுக்கிட்டு உங்களக் கூப்ட்டிருக்கேன்.

— பேசுங்க. அதுக்குத்தான வந்துருக்கேன். மொதல்ல இந்தப் பொட்டலத்த வாங்கிக்கிடுங்க. காஞ்ச கணவாய். நம்ம மொட்டமாடியில காய வெச்சது. உங்க தூனிஸ் பட்டணத்துல தவங்கெடந்தாலும் இப்படிக் கெடைக்காது.

— எதுக்குக்கா இதெல்லாம்? சரி, குடுங்க. உக்காருங்க. பெரியவங்க உக்கார்ற நாற்காலி ஒண்ணுதான் இருக்கு, அது உங்களுக்கு. நான் பிள்ளைங்க நாற்காலியில மடங்கி உக்காந்து பழகிட்டேன்.

— தூஜா எங்க?

— அதோ, ஜன்னலோரம். தாள் குடுத்து உக்கார வெச்சிருக்கேன். மத்ததுங்க எல்லாம் வீட்டுக்குப் போயிடுச்சு. மெதுவாப் பேசுவோம், சரியா? அவளுக்குக் கேக்க வேணாம்.

— முதுகக் காட்டிக்கிட்டுல்லா இருக்கா.

— மூணு வாரமா முதுகுதான் எனக்கும். நாலு, கை, ஆறுன்னு பாட்டாப் பாடின பிள்ள, இப்ப ஒண்ணுன்னுகூடச் சொல்றதில்ல. அப்ப அவ எண்ணிக்கைய மாத்தணும்னு மல்லுக்கு நின்னேன். இப்ப கைன்னாவது சொல்லித் தொலைய மாட்டாளான்னு இருக்கு.

— வீட்டுலயும் பேச்சே இல்ல. தண்ணிங்கா, வேண்டாங்கா, அதோட சரி. அண்ணன்மாரு ரெண்டு பேரும் வம்புக்கு இழுத்துப் பாக்கானுவ. பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்துருக்கா. முன்னயெல்லாம் வலீதுப் பய ஒரு வார்த்த சொன்னா இவ ஒம்பது சொல்லுவா.

— இங்கயும் அப்படித்தான இருந்தா? ரவைத் தட்டு இருக்கு பாருங்க, தட்டு நெறைய ரவையப் பரப்பி வெச்சு விரலால எழுதுறது. அதுல தன் பேர முழுசா எழுதின மொதப் பிள்ள தூஜாதான். எழுதிட்டு என்னைப் பாத்து இடுப்புல கைய வெச்சா. நீ என்ன பெரிய டீச்சருங்கிற மாதிரி.

— அவ அப்பனத்தான் உரிச்சு வெச்சிருக்கா.

— இப்ப அதே தட்ட வெச்சேன். எழுத மாட்டேன்னுட்டா. பக்கத்துப் பிள்ள எழுதிச்சு. எழுதினதும் தட்டக் குலுக்குவோம், எழுத்து மறைஞ்சுடும், மறுபடி எழுதலாம். பிள்ளைங்களுக்கு அந்தக் குலுக்கல்தான் விளையாட்டே. நான் குலுக்கினேன் பாருங்க, தூஜா போட்டா ஒரு அலறல். பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்துட்டார்.

— யா அல்லா.

— கரும்பலகையத் தொடைச்சா மேசைக்கடியில போய் ஒளியுறா. பென்சில் குடுத்தா வீசுறா. பயந்தா பயம்னு தெரியணும், வீம்புன்னா வீம்புன்னு தெரியணும். எனக்கு ஒண்ணுமே பிடிபடலக்கா. பாலர் வகுப்புக்குன்னு மூணு வருசம் படிச்சேன். இது எந்தப் பாடத்துலயும் இல்ல.

— வீட்டுல இன்னொரு கூத்து. அண்ணன்மாரு பையில இருந்த ரப்பரு எல்லாத்தையும் அள்ளிக் கொண்டுபோயி மழத்தண்ணித் தொட்டிக்குள்ள போட்டுட்டா. நிஸாரு தேம்பித் தேம்பி அழுதான். நான் இவள ஒரு அடி அடிச்சேன். அடிச்ச கை இன்னும் எரியுது.

— ரப்பரையா?

— ஆமா. குடிக்கிற தண்ணியில. அவிய எறங்கி அரிச்சு எடுத்தாவ.

— ம். பாருங்கக்கா, இன்னிக்கு உங்கள வரச் சொன்னதுக்குக் காரணம் வேற. எங்க மேடம் நாளைக்கு முடிவு சொல்லணும்னு நிக்கிறாங்க. பேசாத, எழுதாத பிள்ளைய அடுத்த வகுப்புக்கு ஏத்த முடியாது, அந்த எடத்துக்கு வெளிய வரிசை நிக்குதுங்கிறாங்க. வேற எடம் பாக்கச் சொல்லிடுன்னு சொல்லிட்டாங்க.

— வேற எடம்னா? மூள சரியில்லாத பிள்ளையள வெச்சிருக்காவள, அங்கனயா?

— அப்படிச் சொல்லாதீங்க. ஆனா, ஆமா. அங்கதான்.

— டீச்சரம்மா, உங்க கால்ல விழுதேன். அந்த எடத்துக்குப் போனா அந்தப் பேரு அவள விட்டுப் போவாது. நாளைக்கு அவளக் கட்டிக்குடுக்கிற அன்னைக்கும் ஊரு அதத்தான் பேசும். கை வயசுகூட முடியல அவளுக்கு!

— எந்திரிங்க, எந்திரிங்க. நான் மட்டும் அனுப்பணும்னா நிக்கிறேன்? அவ ஒரு வரி எழுதினாப் போதும், ஒரு படம் வரைஞ்சாப் போதும், அதக் கொண்டுபோய் மேடம் மூஞ்சிக்கு நேரா நீட்டுவேன். அதுக்குத்தான் இப்பகூடத் தாள் குடுத்து உக்கார வெச்சிருக்கேன். வீட்டுல என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. பெரியவங்களுக்குள்ள சண்டையா? யாராவது மிரட்டினாங்களா?

— வீட்டுல நடந்ததா? நடந்தது இங்கனதான டீச்சரம்மா.

— இங்கயா?

— மரியாதைக்கு வாய மூடிக்கிட்டு இருந்தேன். நீங்க கேட்டதால சொல்லுதேன். தாய்மாருங்க கூட்டம்னு வரச் சொன்னியள்லா, அந்த வியாழக்கிழம. எம் பிள்ளைய பெஞ்சி மேல ஏத்தி நிறுத்தி, ஊரு பொம்பளைய அத்தன பேருக்கும் முன்னால சொல்ல வெச்சிய. எங்க வீட்டுல இத்தன பேருன்னு.

— எங்க வீட்டுல அஞ்சு பேர். ஆமா. மணி அடிச்ச மாதிரி சொன்னா. நீங்ககூடக் கை தட்டினீங்களே!

— தட்டல. விரல விரிச்சு நீட்டுனேன். கண்ணு படாம இருக்க. உங்களுக்குத் தட்டுன மாதிரி தெரிஞ்சுருக்கு.

— அக்கா...

— ஆட்ட எண்ணுவோம், பானைய எண்ணுவோம். பெத்த பிள்ளையள எண்ண மாட்டோம். எத்தன பிள்ளன்னு ஒருத்தி கேட்டா அல்லா குடுத்தது இருக்குன்னு சொல்லிட்டு நகந்துருவோம். வாயால சொன்னாலே கண்ணு பட்டுரும்னு நாங்க கைன்னு மாத்திச் சொல்லுத அந்த நம்பரையே நீங்க போட்டு, சபையில வெச்சு, பிள்ள வாயாலயே எண்ண வெச்சுட்டிய. அன்னையில இருந்துதான் அவ இப்படி.

— பாருங்கக்கா. கண்ணு படக் கூடாதுன்னு எங்க அம்மாவும் வாசல்ல மீன்வாலத் தொங்க விட்டுருக்காங்க. புதுச் சட்ட போட்டா உம் மேல மீனுன்னு சொல்லாம வெளிய விட மாட்டாங்க. இதையெல்லாம் நான் எளக்காரமா நெனைக்கல. ஆனா கணக்கு படிக்கிற பிள்ளைக்கு இது எவ்வளவு எடைஞ்சல் தெரியுமா? அன்னிக்குக் காலையிலயே பாத்தேனே.

— என்ன பாத்திய?

— கூட்டத்துக்காக வீட்டு ஆளுங்களப் படமா வரைஞ்சு, எண்ணி, பக்கத்துல நம்பர் போடச் சொன்னேன். இவ ஆறுன்னு போட்டுட்டா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நாலு, கை, ஆறுன்னு எண்ணி எண்ணி ஒண்ண முழுங்கிட்டா, அதான் ஆறுல போய் நிக்கிறான்னு புரிஞ்சுது. அஞ்ச மறைச்சா கணக்கு இப்படித்தான் நொண்டும். அப்புறம் விரலால ஒவ்வொருத்தரையும் தொட்டு எண்ண வெச்சேன். கூடுதலா ஒரு கிறுக்கல் இருந்துச்சு. நான் கைய வெக்கல. ரப்பர அவ கையிலயே குடுத்து, தப்ப நீயே சரி பண்ணுன்னு சொன்னேன். பண்ணினா. அவ்வளவு சமத்தா இருந்த பிள்ளதான் இது.

— சமத்துதான். அந்தச் சமத்துக்குத்தான் கண்ணு விழுந்துருச்சு.

— விழுந்தா அவளுக்கு ஒரு காய்ச்சல் வரணும், கீழ விழணும். எதுவும் வரலியே.

— அவளுக்கு வரல.

— அப்புறம்?

— விடுங்க டீச்சரம்மா.

— அக்கா, நாளைக்கு மேடம் கேப்பாங்க. எனக்கு ஏதாவது ஒண்ணு வேணும். சொல்லுங்க.

— எனக்கு வந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலமே. கூட்டத்துல இருந்து வீட்டுக்குப் போயி அடுப்புல உலைய வெச்சேன். இடுப்பு வலின்னு நெனச்சேன். பெறவு பாத்தா தரையெல்லாம் ரத்தம். அவிய கடல்ல. அடுத்த வீட்டுக்காரரு வேன்லதான் ஆசுபத்திரிக்குப் போனேன். ஒண்ணும் தங்கல.

— நீங்க... உங்களுக்கு...

— மூணாவது மாசம்.

— அக்கா. எனக்குத் தெரியாதுக்கா.

— யாருக்குத்தான் தெரியும்? வயிறு தெரியுத வரைக்கும் வெளிய சொல்ல மாட்டோம்லா. மாமியாருக்கே சொல்லல. அவியளுக்கும் தூஜாவுக்கும்தான் தெரியும்.

— தூஜாவுக்குத் தெரியுமா?

— நான் வாந்தி எடுக்கும்போது பக்கத்துல நின்னு அழுதா. அம்மா செத்துப்போவியாம்மான்னு கேட்டா. இல்ல தாயி, பாப்பா வரப்போவுதுன்னு சொல்லிட்டேன். என்ன குதி குதிச்சா! அவளுக்கும் கீழ ஒரு ஆளு வருதுல்லா. யாருட்டயும் சொல்லக் கூடாது, டீச்சருட்டகூடச் சொல்லக் கூடாது, சொன்னா பாப்பாவுக்குக் கண்ணு பட்டுரும்னு ஓதி வெச்சேன். அவளும் ஒருத்தருட்டயும் மூச்சு விடல. அப்படிக் காத்தோம் டீச்சரம்மா. அப்படியும் உங்க நம்பரு வந்து... என்ன, ஏன் அப்படிப் பாக்கிய?

— ஒண்ணுமில்ல.

— மூஞ்சி வெளுத்துப் போச்சு உங்களுக்கு. தண்ணி தரட்டுமா?

— அக்கா, அவகிட்ட என்ன சொன்னீங்க? ஆசுபத்திரியில இருந்து வந்து?

— என்னத்தச் சொல்ல? பாப்பா எங்கன்னு கேட்டா. பாப்பா இல்ல தாயின்னேன். ஏன் இல்லன்னு கேட்டா. எனக்குத் தெரியலன்னு சொல்லிட்டுச் சுவத்தப் பாத்துப் படுத்துட்டேன். அதுக்கு மேல அவ ஒண்ணும் கேக்கல.

— கேக்க மாட்டா. அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு.

— என்ன தெரிஞ்சுபோச்சு?

— எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா. கொஞ்சம் இருங்க. அந்தக் கிறுக்கல்னு சொன்னேனே.

— ஆமா.

— கிறுக்கல் இல்ல. அதுக்குக் காலு இருந்துச்சு. தல இருந்துச்சு. உங்க பாவாடைக்குப் பக்கத்துல, கட்டவிரல் அளவுல. இது யாருன்னு கேட்டேன். அவ வாசலப் பாத்தா, என்னைப் பாத்தா. வாயத் தொறந்து தொறந்து மூடினா. பேர் என்னன்னு கேட்டேன். இன்னும் பேரு வெக்கலன்னு சொன்னா.

— பேரு வெக்கலன்னா...

— பூனைக்குட்டியோ பொம்மையோன்னு நெனச்சேன். பேர் இல்லாத ஆள எண்ணக் கூடாதும்மா, அழின்னு சொன்னேன். மாட்டேன்னு தலைய ஆட்டினா. கூட்டத்துக்கு நேரமாச்சு, நான் வாத்தியார்த் தோரணையில நின்னேன். அவ அழிச்சா. ரொம்ப நேரம் அழிச்சா. தாள் நைஞ்சு ஓட்ட விழுந்துச்சு. எவ்வளவு சுத்தமாத் திருத்துறான்னு நான் முதுகுல தட்டிக் குடுத்தேன்.

— காலையிலயா?

— காலையில.

— எனக்குச் சாயங்காலம்.

— ஆமாக்கா.

— யா ரப்பி. எம் பிள்ள... அவதான்னு நெனச்சுக்கிட்டாளா? தன் கையாலதான்னு?

— சத்தமா அழாதீங்க. அவ திரும்பிப் பாக்குறா.

— ரப்பர எடுத்துத் தொட்டிக்குள்ள போட்டதுக்கு அடிச்சேனே டீச்சரம்மா.

— நான் அவ கண்ணு முன்னாடி தினமும் பலகையத் தொடைச்சேன்.

— சொல்லாதன்னு நான் சொன்னேன். அழின்னு நீங்க சொன்னிய. ரெண்டு பேரும் சேந்து அவ வாயையும் கட்டிக் கையையும் கட்டிட்டோம். இத எந்த ஓதுறவருட்டக் கொண்டுபோயி எறக்கி வைக்க?

— அவகிட்ட நாமளே சொல்லுவோம். அழிச்சதுனால போகலன்னு சொல்லுவோம்.

— எதனாலன்னு கேட்டா?

— தெரியலக்கா.

— அந்த நம்பரச் சொன்னதுனாலன்னு நான் நம்புதேன். அழிச்சதுனாலன்னு அவ நம்புதா. நான் நம்புறதே பொய்யின்னு ஆனாத்தான அவகிட்ட உன்னுது பொய்யின்னு சொல்ல முடியும்?

— அக்கா, ஆசுபத்திரியில என்ன சொன்னாங்க?

— சில சமயம் தங்காதும்மா, யாரு மேலயும் தப்பில்லன்னு அந்த டாக்டரு பொம்பள சொன்னா. எனக்குக் காதுல ஏறல.

— அதையே சொல்லுவோம். அது ஒண்ணுதான் நம்மகிட்ட இருக்கு.

— என் காதுலயே ஏறாதது அவ காதுல ஏறுமா?

— தெரியல. சொல்லித்தான் பாக்கணும். கூப்டட்டுமா?

— கூப்டுங்க. கண்ணத் தொடச்சுக்கிடுதேன், இருங்க.

— தூஜா! இங்க வாடா கண்ணு. அம்மா வந்திருக்காங்க பாரு. அட, அக்கா! தாளப் பாருங்க!

— என்ன?

— வரைஞ்சிருக்கா! மூணு வாரத்துல மொதத் தடவ. ஐயோ, என் செல்லமே! என் பேனாவத்தான் எடுத்துருக்கா. மேசையில வெச்சிருந்தேன், எப்ப எடுத்தான்னே தெரியல.

— டீச்சரு பேனாவ எடுக்கலாமாம்மா?

— விடுங்க, விடுங்க! பத்துப் பேனா எடுக்கட்டும். பேனாவுல எழுதினா அழியாது, அதனால அது பெரியவங்களுக்குன்னு நான்தான் வகுப்புல சொல்லிட்டுத் திரிவேன். நல்லா வரைஞ்சிருக்கா பாருங்க. இது அப்பா, பானையோட. இது நீங்க.

— எம் மூக்கு இம்புட்டுப் பெருசாவா தாயி? இது வலீதா? இது நிஸாரு, காதப் பாத்தாலே தெரியுது. இந்தா சின்னதா எம் பக்கத்துல நிக்குதே, இதுதான் நம்ம ராசாத்தி.

— நம்பரும் போட்டிருக்கா. சரியாப் போட்டிருக்கா! அக்கா, கூடுதலா யாரும் இல்ல. நாளைக்கு மேடம்கிட்ட இத அப்படியே நீட்டுறேன். அவளாவே தேறி வந்துட்டாக்கா. பிள்ளைங்க அப்படித்தான், நாம பயந்து சாகுறோம், அதுங்க எந்திரிச்சு வந்துடுதுங்க.

— எண்ணிக் காட்டு தாயி. உங் கொரலக் கேட்டு எம்புட்டு நாளாச்சு. மாட்டியா? சரி, அம்மா எண்ணுதேன், நீ விரல மட்டும் வெய்யி. ஒண்ணு அப்பா. ரெண்டு அம்மா. மூணு வலீது. நாலு நிஸாரு.

— அக்கா, கைன்னே சொல்லுங்க. பரவால்ல.

— இல்ல டீச்சரம்மா. எம் பிள்ளைக்காவச் சொல்லுதேன். அஞ்சு. கேட்டியா தாயி, அம்மாவே சொல்லிட்டேன், ஒண்ணும் ஆவல. அஞ்சாவது நீ.

— நான் இல்லம்மா.

— பேசிட்டா! அக்கா, பேசிட்டா!

— நீ இல்லையா? இந்தச் சின்னது நீதான? பெறவு யாரு இது?

— பாப்பா. டீச்சரு பேனாவுல வரஞ்சிருக்கேன், யாரு அழிச்சாலும் போவாது. அஞ்சு பேருதான் சரின்னு டீச்சரு சொன்னாவள்லா, அதான் என்னைய வரையல.